செம்பரம்பாக்கத்து சைக்கிளும் சட்டப் பிரிவு 138-ம்

செம்பரம்பாக்கம் என்றதும் எல்லோருக்கும் ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே சென்னைக்காரர்கள் ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு தினசரித் தலைவலி ஏரி இல்லை, ரோடு. சென்னை - பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை. பழைய பெயர் என்.எச். 4, 2010இல் எண்களை மாற்றியபோது என்.எச். 48 ஆனது. பூந்தமல்லி தாண்டினால் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது. கார் கம்பெனிகளுக்குப் போகும் பஸ்கள், டிரெய்லர்கள், கன்டெய்னர்கள், நடுவே பெங்களூர் போகும் ஆம்னி பஸ்கள்... இவ்வளவுக்கும் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் மண்ணுக்கும் இடையே கிடைக்கிற கொஞ்ச இடத்தில், சைக்கிள்.

யார் இன்னும் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் காலை ஆறு மணிக்கு அங்கே போய் நின்று பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளலாம். வயது ஐம்பத்தெட்டு. நசரத்பேட்டைப் பக்கம் ஒரு குடோனில் நைட் வாட்ச்மேன். பழைய ஹெர்குலிஸ் சைக்கிள், கேரியரில் சாப்பாட்டுப் பை. சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் காலையில் ஆறு மணிக்குத் திரும்புவார். ஷேர் ஆட்டோவில் போக இருபது, வர இருபது என்று வைத்துக்கொண்டால்கூட மாதம் ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். அவர் வாங்கும் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் என்பது வீட்டு மளிகையில் கால்வாசி. மகனிடம் பைக் இருக்கிறது. ஆனால் அவனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட், திசையும் நேரமும் ஒத்துவராது.

"யப்பா, சைக்கிள் வேணாம்ப்பா. அந்த ரோட்ல லாரிக்காரன் பாக்க மாட்டான்" என்று மகன் சொல்லாத வாரம் இல்லை. ஒருநாள் ஒரு டிரெய்லர் உரசுவதுபோல் போய், காற்றடித்த வேகத்திலேயே அவர் சைக்கிளோடு மண்ணில் சரிந்தார். முழங்கையில் சிராய்ப்புதான். வீட்டில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சைக்கிளைப் பூட்டி சாவியை எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு நாள் காலையில் ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார்.

"இன்னா பெரியவரே, ராங் சைடுல வர்றீங்க?"

"வூடு இந்தப் பக்கம்தான் சார் இருக்கு. அந்தாண்ட போய் திரும்பி வரணும்னா ரெண்டு தபா ரோட்ட கிராஸ் பண்ணணும். நைட்டு பூரா முழிச்சிட்டு வரேன், முடியல சார்."

"அது சரி. அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"அதான் சார் நானும் கேக்கறேன்."

காவலர் சிரித்துவிட்டு, ஓரமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

காவலர் சொன்னதில் தப்பில்லை. பெரியவர் சொன்னதிலும் தப்பில்லை. நடுவில் தடுப்பு உள்ள எந்த ரோட்டிலும் இது நடக்கும். வீடும் வேலையிடமும் ஒரே பக்கத்தில் இருந்தால், போகும்போது சரியான திசை, வரும்போது தப்பான திசை. சட்டப்படி வர வேண்டுமென்றால் முதலில் தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக வேண்டும், வீட்டை நெருங்கியதும் மறுபடி தாண்டி வர வேண்டும். திருப்பம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப இரண்டு கிலோமீட்டர். 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு இரண்டு கிலோமீட்டர் என்பது ஒன்றரை நிமிடம். 12 கி.மீ. வேகத்தில் மிதிக்கும் பெரியவருக்குப் பத்து நிமிடம். அதோடு அந்த வேகத்தில் வரும் வண்டிகளின் குறுக்கே வலதுபக்கம் ஒதுங்கித் திரும்பும் ஆபத்து வேறு. "ராங் சைடு" வருவது திமிர் என்று பைக்கில் போகிறவர்கள் திட்டுகிறார்கள். பல நேரம் அது வெறும் கணக்கு.

சரி, அடிபட்டால் யார் பதில் சொல்வது? சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு வேடிக்கை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் சைக்கிள் ஒரு வாகனமே இல்லை! பிரிவு 2(28) "வாகனம்" என்று சொல்வது இயந்திர சக்தியால் ஓடுவதை மட்டும்தான். மனிதனின் கால் இயந்திரக் கணக்கில் வராது. அதனால் சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். ஹெல்மெட் பற்றிச் சொல்லும் பிரிவு 129 மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே. கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறுப்புக்கு ஆளாக்காத சட்டம் உரிமையையும் எழுதி வைக்கவில்லை.

ஒரு காலத்தில் நிலைமை வேறு. தாத்தாக்களிடம் கேட்டால் சொல்வார்கள். நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் சைக்கிளுக்கு வரி கட்டி, வருடா வருடம் ஒரு சின்ன உலோக வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இருட்டியபின் விளக்கு இல்லாமல் போனால் பிடிப்பார்கள். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள். அபராதம் கட்டக் காசில்லை என்றால் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டுத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வார்கள். அதெல்லாம் தொல்லைதான். இருந்தாலும் ரோட்டில் சைக்கிள் என்று ஒன்று இருப்பதாக அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. வில்லையும் வரியும் போயின. போனது நல்லதுதான். கூடவே சைக்கிள்காரனும் அரசாங்கத்தின் பார்வையிலிருந்து போய்விட்டான்.

முழுக்க ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1989இல் வந்த சாலை விதிகளில், சைக்கிள் தடம் உள்ள இடத்தில் மோட்டார் வண்டிகள் அதன்மேல் ஓடக்கூடாது என்று இருந்தது. அதற்குப் பதிலாக 2017இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டுபவர்கள், குழந்தைகள், முதியவர்கள் விஷயத்தில் ஓட்டுநர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்கின்றன. நல்ல வாசகம். ஆனால் "தனிக் கவனம்" என்றால் எத்தனை அடி? எத்தனை கிலோமீட்டர் வேகம்? அளக்க முடியாத விதிக்கு எந்தக் காவலராலும் அபராதச் சீட்டு எழுத முடியாது.

எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். 2022இல் இந்திய சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில் 4,800க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் போனவர்கள். சதவீதமாகச் சொன்னால் வெறும் மூன்றுதான், சின்னதாகத் தெரியும். நாளாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 13 பேர். இன்று 13, நாளை 13.

இந்த இடத்தில்தான் தலைப்பில் உள்ள 138 வருகிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, பிரிவு 138இல் (1ஏ) என்று ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள். அதன் சாரம் இதுதான்: சாலைப் பாதுகாப்புக்காக, இயந்திரம் இல்லாத வாகனங்களும் பாதசாரிகளும் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் செயல்படுவதையும் நுழைவதையும் ஒழுங்குபடுத்த மாநில அரசு விதிகள் செய்யலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்து பேசிச் செய்ய வேண்டும்.

அதாவது சைக்கிளுக்கு விதி எழுதும் பேனா இப்போது மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஆனால் சட்டத்தில் இருப்பது "செய்யலாம்" என்ற சொல். செய்தே ஆக வேண்டும் என்று சொல்ல ஒரு வழக்கு வேண்டியிருந்தது. அந்த வழக்கைப் போட்டவர் நம்மூர்க்காரர்! கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகள் பற்றி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தார். அதே வழக்கில் 2025 மே மாதம், பாதசாரிகளுக்கு நடைபாதை என்பது அரசியல் சட்டம் 21ஆம் பிரிவின் உயிர்வாழும் உரிமையில் சேரும் என்று நீதிமன்றம் சொன்னது. 2025 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு, எல்லா மாநிலங்களும் 138(1ஏ)-யின் கீழ் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாநிலச் சாலைகளின் வடிவமைப்புத் தரத்துக்கு 210டி பிரிவின் கீழும் விதி செய்யச் சொன்னது.

நல்ல செய்திதானே, பிறகென்ன கவலை?

கவலை அந்த "ஒழுங்குபடுத்துதல்" என்ற சொல்லில் இருக்கிறது. நம் நாட்டில் சைக்கிளை ஒழுங்குபடுத்துவது என்றால் சுலபமான வழி ஒன்று உண்டு. தடை செய்வது. கொல்கத்தா போலீஸ் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பால்காரர், பேப்பர் போடுபவர், மீன் விற்பவர் எல்லோரும் அன்று முதல் குற்றவாளிகள். பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் தடை.

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூர் - மைசூர் சாலையில் பிரதான தடத்தின் பக்கத்திலேயே சர்வீஸ் ரோடு இருக்கிறது. அதேபோல ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஹோஸ்கோட்டைக்குத் திட்டமிட்ட 262 கி.மீ. பெங்களூர் விரைவுச் சாலையில் சைக்கிள் வேண்டாம் என்றால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அது வயல்வெளியில் புதிதாகப் போடுவது. என்.எச். 48 கதை வேறு. செம்பரம்பாக்கத்துக்காரருக்கு அதுதான் மளிகைக் கடைக்குப் போகும் தெரு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் தெரு, வேலைக்குப் போகும் தெரு. ஊர் முதலில் இருந்தது, ஆறு வழிகள் பிறகு வந்தன. அங்கே "சைக்கிளுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு பலகை வைத்தால், அந்த வாட்ச்மேன் வீட்டிலிருந்து வேலைக்குப் போவதே குற்றமாகிவிடும்.

இதில் இன்னொரு முரண். சைக்கிளை மக்கள் கையில் கொடுத்ததில் தமிழ்நாட்டு அரசுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 2001-02இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் திட்டம் வந்தது. 2005-06இல் அது அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை படிக்கும் எல்லா மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. இன்றுவரை வருடா வருடம் லட்சக்கணக்கான சைக்கிள்கள்! சென்னையின் மேற்குப் புறநகருக்கு இதில் தனிப் பெருமையே உண்டு. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று ஊருக்கெல்லாம் சைக்கிள் செய்து கொடுத்தது அம்பத்தூரிலிருந்துதான். சைக்கிள் செய்த ஊருக்கு அடுத்த ஊரில் சைக்கிள் ஓட்ட இடமில்லை.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு அரசே ஒரு சைக்கிளைக் கொடுக்கிறது. அவள் அதை எங்கே ஓட்டுவது என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

சென்னையில் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை நிறைவேற்றியது. இந்தியாவிலேயே முதல் மாநகரம் என்று பாராட்டு வாங்கியது. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும், 2018க்குள் 80 சதவீதச் சாலைகளில் நடைபாதை, பயணங்களில் 40 சதவீதம் நடையும் சைக்கிளும் என்றெல்லாம் இலக்கு. நோக்கம் உயர்ந்தது. ஆனால் கொள்கையை மீறினால் யாருக்கும் அபராதம் கிடையாது. அதைவிட முக்கியம், அது மாநகராட்சி எல்லைக்குள் மட்டும். செம்பரம்பாக்கம் அந்த எல்லைக்கு வெளியே. லாரிகள் வேகமெடுப்பது எல்லை தாண்டிய பிறகுதான். ஆகவே கொள்கை போதாது, மாநிலம் முழுக்கச் செல்லும் விதி வேண்டும்.

அந்த விதிகளில் என்னென்ன இருக்க வேண்டும்?

1. முதல் வரி உரிமையாக இருக்க வேண்டும். "சைக்கிள் ஓட்டுபவருக்குப் பொதுச் சாலையைப் பயன்படுத்த உரிமை உண்டு. வேறு பாதுகாப்பான, தொடர்ச்சியான பாதை இல்லாத எந்த இடத்திலும் அந்த உரிமையைத் தடை செய்யக்கூடாது." இந்த இரண்டு வாக்கியம் இருந்தால் கொல்கத்தா கதை இங்கே நடக்காது. தடை செய்ய ஆசைப்படும் அதிகாரி முதலில் மாற்றுப் பாதையைக் காட்டியாக வேண்டும்.

2. முந்தும்போது விட வேண்டிய இடைவெளியை மீட்டரில் எழுத வேண்டும். பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே 1.5 மீட்டர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2014இல் இதேபோலக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 2022இல் திருத்திய சாலை விதி நூலும் 1.5 மீட்டர் என்கிறது. நம் சாலையில் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். லாரியின் அகலம் சட்டப்படி 2.6 மீட்டர் வரை. மிச்சம் 90 சென்டிமீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பார் 60 சென்டிமீட்டர். லாரிக்கும் பெரியவரின் முழங்கைக்கும் நடுவில் ஒரு அடிதான்! ஒரே தடத்துக்குள் லாரி சைக்கிளை முந்தவே கூடாது, அடுத்த தடத்துக்குப் போய்த்தான் முந்த வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. விதி அதை அப்படியே சொன்னால் போதும். ஓட்டுநர் உரிமத் தேர்விலும் இதை ஒரு கேள்வியாக வைக்கலாம்.

3. சர்வீஸ் ரோட்டிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் இருதிசை சைக்கிள் தடம். ஒரே பக்கத்தில் போகவும் வரவும் இடம் கிடைத்தால் "ராங் சைடு" பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். இது வெளிநாட்டு ஆடம்பரம் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் 1962லேயே, ஐ.ஆர்.சி. 11 என்ற வழிகாட்டியில், மணிக்கு 200 மோட்டார் வண்டிகளுக்கு மேல் போகும் சாலையில் மணிக்கு 100 சைக்கிள் போனால்கூடத் தனித் தடம் நியாயமே என்று எழுதி வைத்திருக்கிறது. குறைந்தது 2 மீட்டர் அகலம் என்றும் சொன்னது. என்.எச். 48இல் 200 வண்டி போக எத்தனை நிமிடம் ஆகும்? ஆவடி, குன்றத்தூர் பக்கம் பிரியும் மாநிலச் சாலைகளுக்கு 210டி-யின் கீழ் மாநிலமே தரம் நிர்ணயிக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதோடு சாலையைத் தரமில்லாமல் போட்டதால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2019இல் சேர்த்த 198ஏ பிரிவு சொல்கிறது. எழுதப்பட்ட தரம் இருந்தால்தான் அந்தப் பிரிவுக்குப் பல் முளைக்கும்.

4. விளக்கு கட்டாயம், ஆனால் கொடுத்துவிட்டுக் கட்டாயம். இருட்டில் வெள்ளை முன்விளக்கு, சிவப்புப் பின்விளக்கு, பிரதிபலிப்பான் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. பிரதிபலிப்பான்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் வெளியிட்டது. அது புது சைக்கிளுக்கு. இருபது வருடப் பழைய சைக்கிளை என்ன செய்வது? காவலர் நிறுத்தி அபராதம் போடுவதற்குப் பதில் ஒரு சிவப்புப் பட்டையை ஒட்டிவிட்டு அனுப்பலாம். பள்ளியில் கொடுக்கும் விலையில்லா சைக்கிளோடு விளக்கையும் சேர்த்தே கொடுக்கலாம்.

5. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் உலகிலேயே முதலில் இதைச் சட்டமாக்கியது. போட்டால் தலைக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் இங்கே சைக்கிள் ஓட்டுபவர்களில் பாதிப்பேர் பஸ் காசை மிச்சம் பிடிப்பவர்கள். சட்டம் வந்தால் முதலில் அபராதம் கட்டுவது அந்த வாட்ச்மேன்தான். அதற்கு மேல், ஹெல்மெட் இல்லை என்பதை வைத்தே இழப்பீட்டில் கைவைப்பார்கள்.

6. இழப்பீடு. காவலர் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று தெரியாவிட்டால், பிரிவு 161-ன்படி மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. வண்டி எது என்று தெரிந்தால், யார் தவறு என்று நிரூபிக்காமலே பிரிவு 164-ன்கீழ் மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் கேட்கலாம். இது சைக்கிளில் போனவருக்கும் உண்டு. எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? அதைவிட அதிகமாகக் கேட்டுப் போனால் "எதிர்த்திசையில் வந்தார், விளக்கில்லை, அவர் மீதும் தவறு" என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். நெதர்லாந்தில் மோட்டார் வண்டி சைக்கிளை இடித்தால் பொறுப்பு முதலில் மோட்டார் வண்டிமேல். இல்லை என்று காட்ட வேண்டியது வண்டிக்காரர் வேலை. 1970களில் "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து" என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கிய நாடு அது. இழப்பீட்டு விதியை மாற்ற நாடாளுமன்றம்தான் வேண்டும், மாநிலத்தால் தனியாக முடியாது. ஆனால் விபத்து நடந்ததும் 161, 164 பற்றிக் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று காவல் நிலையங்களுக்கு மாநிலம் நாளையே உத்தரவிடலாம்.

இதற்கெல்லாம் வழக்கமாக மூன்று எதிர்ப்பு வரும்.

"சைக்கிள்காரன் ரோடு டாக்ஸ் கட்டறானா?" ரோடு டாக்ஸ் கட்டவில்லை, உண்மை. ஆனால் சைக்கிள் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்டுகிறார். 2017 முதல் 12 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டும் வரி தனி. தவிர, சைக்கிள் ரோட்டைக் குழியாக்குவதில்லை.

"அவங்க எந்த ரூல்ஸையும் மதிக்கறதில்லை." இதில் உண்மை உண்டு. சிக்னலில் நிற்காமல் போவது, காதில் செல்போனை இடுக்கிக்கொண்டு ஓட்டுவது, மெயின் ரோட்டில் மூன்று பேர் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் போவது எல்லாம் தப்புதான். விதி வந்தால் இந்தக் கடமைகளும் அதில் வர வேண்டும். ஆனால் உரிமையே தராமல் கடமை மட்டும் கேட்பது என்ன நியாயம்?

"இன்னும் பத்து வருஷத்துல சைக்கிளே இருக்காது." 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய வீடுகளில் சுமார் 45 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது. அப்போதும் இதே பேச்சு இருந்தது. பைக் வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் வாங்க முடியாதவர்கள், ஓட்ட வயதாகாதவர்கள், வயதாகிவிட்டவர்கள். சட்டம் முதலில் யாருக்கு வேண்டுமோ அவர்கள்தான் மிச்சம் இருக்கிறார்கள்.

இந்த விதிகளை எழுதப்போவது ஏதோ ஒரு அலுவலகத்தில், ஏ.சி. அறையில், கார்களில் வந்து இறங்குபவர்கள்தான். அது அவர்கள் குற்றமில்லை. வரைவு விதி அரசிதழில் வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தருவது வழக்கம். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதற்கு ஒரு தபால் போதும். கல்லூரி விடுதியில் சைக்கிள் வைத்திருப்பவர்கள், தம்பி தங்கைகள் அரசு சைக்கிளில் பள்ளிக்குப் போகிறவர்கள், அப்பா இன்னமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால்கூட அந்த அறையில் சைக்கிள் பற்றிப் பேச்சு வரும்.

செம்பரம்பாக்கத்தில் இப்போதும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தப் பெரியவர் கிளம்புகிறார். மகன் பின் மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறான். "இதாச்சும் இருக்கட்டும்ப்பா" என்றானாம். போகும்போது சரியான பக்கம். காலையில் வரும்போது மறுபடியும் தப்பான பக்கம். வீட்டில் அவர் வந்து சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டபிறகுதான் அடுப்பில் டீக்குத் தண்ணி வைக்கிறார்கள்.